கம்பத்தில் தொங்கும் இணையம்: விழுப்புரம், திண்டிவனம் வீடுகளின் பிராட்பேண்ட் கணக்கு

விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147, செஞ்சிக்கு 04145. பழைய கடைகளின் பெயர்ப் பலகையில் இந்த எண்கள் இன்னும் மங்கலாகத் தெரியும். இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் அவை எதைக் குறிக்கின்றன என்று தெரியாது. ஆனால் இந்த ஊர்களின் வீடுகளுக்குள் இணையம் முதலில் வந்தது அந்தத் தொலைபேசி ஒயர் வழியாகத்தான்.

மத்திய அரசு 2004இல் பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டபோது, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் போதும், அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் சேவையைத் தொடங்கியது. அந்நாட்களின் ஹோம் 500 திட்டத்தில் மாதம் 500 ரூபாய்க்கு அந்த 256 கிலோபிட் வேகமும் ஒரு ஜிபி டேட்டாவும் கிடைத்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வேகத்தில் விடாமல் பதிவிறக்கினாலே ஒன்பது மணி நேரத்துக்குள் மாதத்துக்கான ஒரு ஜிபி தீர்ந்துவிடும். பின்னர் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் வராது என்ற சலுகை வந்தது. அலாரம் வைத்து எழுந்து, படத்தையோ பாடத்தையோ இறக்கப் போட்டுவிட்டு மறுபடி படுத்தவர்கள் இந்த இரண்டு ஊர்களிலும் நிறையப் பேர் உண்டு. இணையம் அப்போது வீட்டில் ஒருவருக்கான பொருள். கல்லூரிப் பையனுக்கோ, வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ.

அந்த வரையறை 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ்ஸாகவும் உயர்ந்தது. சந்தை அதற்கு வெகு முன்னாலேயே ஓடிவிட்டது. ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பரில் வணிக முறையில் தொடங்கி, ஓராண்டில் தன் தொடக்கத் திட்டத்தை 30 எம்பிபிஎஸ், 399 ரூபாய் என்று இறக்கியது. 2020 அக்டோபரில் பிஎஸ்என்எல் 449 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், மாதம் 3,300 ஜிபி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பதினைந்து ஆண்டில் விலை ரூபாய்க் கணக்கிலேயே குறைந்திருக்கிறது, வேகம் நூறு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அரிசி, எண்ணெய், பேருந்துக் கட்டணம், வீட்டு வாடகை என்று எதை எடுத்தாலும் இப்படிச் சொல்ல முடியாது.

விளம்பரத் தாளை மட்டும் படித்தால் பிராட்பேண்ட் விலை, தரம் என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. வீட்டுக்குள் வந்து பார்த்தால் அது முடியவில்லை. இந்த மாவட்டத்தில் ஒரு குடும்பம் மாதாமாதம் உண்மையில் எவ்வளவு கட்டுகிறது, அந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேரம் இணைப்பு உயிரோடு இருக்கிறது, அறுந்தால் யார் வருகிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு இணைப்பு மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். விலையைத் தனியாகவும் தரத்தைத் தனியாகவும் ஆராய்வது வழக்கம். பெருநகரத்துக்கு அது பொருந்தலாம். விழுப்புரத்துக்குப் பொருந்தாது என்பது என் முடிவு.

முதலில் விலை. 399 என்று போட்டிருப்பதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கையை விட்டுப் போவது 471 ரூபாய். 449 என்பது 530 ஆகும். ஐ.நா. சார்ந்த பிராட்பேண்ட் ஆணையம் 2018இல் உலக நாடுகளுக்கு ஓர் இலக்கு வைத்தது: 2025க்குள் தொடக்கநிலை பிராட்பேண்ட் சேவையின் விலை, தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியரின் சராசரி ஆண்டு வருமானத்தைச் சுமார் 2 லட்சம் ரூபாய் என்று வைத்தால், மாதத்துக்கு 16,700. அதில் 2 சதவீதம் ஏறத்தாழ 333 ரூபாய். செல்போன் டேட்டாவை வைத்துக் கணக்கிட்டால் நாம் அந்த இலக்கை எப்போதோ தாண்டிவிட்டோம். வீட்டுக்கு ஒயர் இழுத்து வரும் இணையத்தை வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன இரண்டில் குறைந்த திட்டமே அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது.

சராசரியும் இங்கே உதவாது. தமிழ்நாட்டில் தலா வருமானம் குறைந்த மாவட்டங்களின் வரிசையில் விழுப்புரம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019இல் பிரிவதற்கு முன், 2011 கணக்கெடுப்பின்போது, மாவட்ட மக்களில் 85 சதவீதம் பேர் கிராமங்களில் இருந்தார்கள். விழுப்புரம் நகரத்தில் அப்போது சுமார் 96 ஆயிரம் பேர், திண்டிவனத்தில் சுமார் 73 ஆயிரம் பேர். சுற்றிலும் கரும்பு, நெல், மணிலா, சவுக்கு. எனவே உள்ளூர்ப் படியாலேயே அளக்கலாம். நூறு நாள் வேலையின் கூலி 2025-26க்குத் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 336 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம். ஜிஎஸ்டி சேர்த்த 471 ரூபாய் என்பது வெயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாள் மண் வெட்டிய கூலி. உரிமைத் தொகையில் ஏறக்குறையப் பாதி. கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஒரு தாய் தன் பெயருக்கு வரும் ஆயிரத்தில் பாதியை வைஃபைக்குக் கொடுக்க ஒப்புகிறாள் என்றால், அவள் அதை எந்தத் தேவைக்குச் சமமாக வைத்திருக்கிறாள் என்று விளங்கும்.

இன்னொரு செலவு ஓசையில்லாமல் கூடவே வருகிறது. 2024 ஜூலையில் செல்போன் கட்டணங்கள் ஏறின. தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் ஜியோவில் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 28 நாள் என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை அல்ல, பதின்மூன்று தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும். வீட்டில் மூன்று போன் இருந்தால் ஏறத்தாழ 900 ரூபாய், அதன் மேல் வைஃபைக்கு 471. வைஃபை இருக்கும் வீட்டில் பெரியவர்களின் போனுக்கு டேட்டா தேவையே இல்லை. ஆனால் நீண்ட காலம் டேட்டா இல்லாத மலிவுத் திட்டமே கடைக்காரரிடம் கிடைக்காத நிலை இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில்தான், பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமான திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படி ஒரு திட்டம் இருப்பதை ரீசார்ஜ் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் தாத்தா, பாட்டி போன்களை அதற்கு மாற்றிக்கொண்டால் வைஃபை செலவில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும்.

விலைப் பட்டியலில் தெரியாத மற்றொன்று, ஒரே மூச்சில் கட்டச் சொல்வது. ஆறு மாதம், ஓராண்டு என்று மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம், இணைப்புக் கட்டணம் இல்லை என்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது லாபம். தினக்கூலி வீட்டுக்கு மூவாயிரத்தை ஒரே நாளில் புரட்ட முடியாது. இல்லாதவர்தான் மாதாமாதம் முழு விலை கொடுக்கிறார். இணைப்புக் கட்டணமும் அவர் தலையில்தான். ஊர்க் கேபிள்காரர் மாதம் பிறந்து பத்து நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வார், தீபாவளி மாதம் என்றால் அடுத்த மாதத்தோடு சேர்த்துக் கொடுங்கள் என்பார். பெரிய நிறுவனத்தின் கணினி நள்ளிரவு பன்னிரண்டுக்கு வெட்டிவிடும். இந்த ஊர்களில் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் கேபிள்காரரிடமே மக்கள் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கேபிள்காரர் யார் என்று தெரியாமல் இந்த மாவட்டத்து இணையத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தொண்ணூறுகளில் மொட்டை மாடியில் டிஷ் வைத்து, தெருத் தெருவாகக் கருப்புக் கேபிள் இழுத்துச் சன் டிவியும் ஸ்டார் டிவியும் கொடுத்தவர்கள். அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் உருவாகி, கொஞ்ச காலம் முடங்கி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு என்று மறுபடி வந்தபோது அவர்களின் வருமானம் சுருங்கியது. பிறகு யூடியூப் வந்தது, மக்கள் கேபிள் பார்ப்பதைக் குறைத்தார்கள். கையில் இருந்தவை இரண்டு: வீடு வீடாகப் பழகிய முகம், தெருக் கம்பங்களில் ஒயர் கட்டும் பழக்கம். அதே கம்பங்களில் ஃபைபரைக் கட்டினார்கள். இன்று இவர்களில் பலர் ஏதாவதொரு நிறுவனத்தின் பெயரில், வருமானத்தில் பங்கு என்ற ஒப்பந்தத்தில் இணைப்புக் கொடுக்கிறார்கள். ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் தண்டவாளத்தை ஒட்டிப் போட்ட ஃபைபரை ரெயில்வயர் என்ற பெயரில் வீடுகளுக்கு விற்பதும் இப்படி உள்ளூர்க் கூட்டாளிகள் வழியாகத்தான். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் ரயில் பிரியும் விழுப்புரம் சந்திப்புக்கு இதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மூலக் குழாய் ஊருக்குள்ளேயே ஓடுகிறது.

பிஎஸ்என்எல் கதையும் அங்கேதான் வந்து சேர்கிறது. 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் நாடு முழுக்க அந்த நிறுவனத்திலிருந்து 78 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஒரு தெருவின் எந்தப் பெட்டியில் எந்த ஜோடி ஒயர் யாருக்குப் போகிறது என்று மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்கள் அதில் இருந்தார்கள். இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்து, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. இணைப்புக்கு மக்கள் அலைந்த நேரத்தில் பழுது பார்க்க ஆள் இல்லை. செம்பு ஒயர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஃபைபருக்கு மாறியபோது பிஎஸ்என்எல்லும் கூட்டாளிகளை நம்பியே வீடுகளுக்குப் போனது. ஆக, ரவுட்டர் மேல் ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும், கம்பத்தில் ஏறுகிறவர் பெரும்பாலும் அதே தெருப் பையன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெரிய பெயர்கள் என்ன கருவி தருகின்றன, என்ன கூலி தருகின்றன என்பதுதான் நம் வீட்டுச் சேவையின் தரம்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு ஏன் ‘நெட்டு சுத்துது’ என்ற பழைய புகாருக்கு வருவோம். பலர் இதற்குத் தெருவில் தொங்கும் ஒயரைக் குறை சொல்கிறார்கள். ஒயர் பாவம். இப்போது பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், ஒரே ஃபைபர் இழையில் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் இறங்கும். அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடுகளுக்குப் பிரித்தாலும், எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தால்கூட வீட்டுக்கு 75 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாது. 64 வீடுகளுக்குப் பிரித்தாலும் 30க்குக் கீழே போகாது. நெரிசல் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் தெருக்களையெல்லாம் சேர்த்து ஊரிலிருந்து வெளியே போகும் இணைப்பைக் கேபிள் இயக்குபவர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பதில் இருக்கிறது.

எண்ணில் சொன்னால் தெளிவாகும். ஆயிரம் வீடுகளுக்கு 30 எம்பிபிஎஸ் விற்றவர் 30 ஜிகாபிட் வாங்கி வைப்பதில்லை. வைக்கவும் தேவையில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. 2009இல் டிராய் வீட்டு இணைப்புகளுக்கு அதிகபட்சம் ஐம்பது பேருக்கு ஒரு பங்கு என்று வழிகாட்டியது. அந்த விகிதத்தில் ஆயிரம் வீட்டுக்கு 600 எம்பிபிஎஸ் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் வீட்டுக்கு 0.6 எம்பிபிஎஸ். இன்றைய பிராட்பேண்ட் வரையறையான 2 எம்பிபிஎஸ்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட அது இல்லை. மின்னஞ்சல் பார்த்த காலத்து விகிதம் அது. ஹாலில் டிவி, அறையில் ஒரு கிரிக்கெட் போட்டி, பிள்ளைக்கு ஒரு நீட் வகுப்பு என்று வீட்டுக்கு மூன்று திரை ஓடும் காலத்துக்கு அது பொருந்தாது. ஒரு முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேண்டும். வீட்டுக்கு ஒரு திரை என்று வைத்தாலே அந்த ஆயிரம் வீட்டில் பாதிப் பேர் பார்க்க 2.5 ஜிகாபிட் தேவை.

யூடியூப் ஓடுகிறது, ஆனால் அரசுத் தேர்வு விண்ணப்பப் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது; வேகம் பார்க்கும் செயலியில் 30 காட்டுகிறது, சம்பள வேலைக்கான வீடியோ அழைப்பு மட்டும் அறுந்து அறுந்து வருகிறது. இந்தக் குழப்பத்துக்கும் விடை உண்டு. பெரிய வீடியோ நிறுவனங்கள் தங்கள் படங்களின் நகலைச் சேவையாளரின் வலையமைப்புக்குள்ளேயே சேமித்து வைக்கின்றன. வேகம் அளக்கும் செயலியும் பெரும்பாலும் பக்கத்து சர்வரைத்தான் தொட்டுவிட்டு வருகிறது. வெளியே போகும் சாலை நெருங்கிக் கிடப்பது அதில் தெரியாது. டிராயின் 2006ஆம் ஆண்டுத் தர விதியே, வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று சொன்னபோது, சேவையாளரின் முனையத்திலிருந்து வாடிக்கையாளர் வரையிலான தூரத்தைத்தான் அளந்தது. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நான்கு வழிச் சாலை என்று சான்று கொடுத்தது போல.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குக் கேபிள்காரரைத் திட்டுவது நியாயமில்லை. இணைப்போடு இலவசமாக வரும் மலிவான ரவுட்டர்கள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்பவை. சிமென்ட் கூரை போட்ட, அடுத்தடுத்துச் சுவர் ஒட்டிய நம் தெருக்களில் பத்து வீட்டு வைஃபையும் அதே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. சாலாமேட்டிலோ ரோசணையிலோ மாடி வீட்டில் இருப்பவர் திட்டத்தை 30இலிருந்து 100க்கு ஏற்றினாலும் மாடியறையில் எதுவும் மாறாது. அந்தக் கூடுதல் பணத்தை ஒரு தடவை நல்ல ரவுட்டருக்குக் கொடுத்தால் மாறும். வாசலில் கிடக்கும் பெட்டியை வீட்டு நடுவில் தூக்கி வைப்பதற்குக் காசே தேவையில்லை.

வேகம் இப்படி. ஆனால் இந்த ஊர்களில் என்னைக் கேட்டால், வேகத்தைவிடப் பெரிய வியாதி அறுதல். ரவுட்டரில் சிவப்பு லைட் எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். கேபிள்காரருக்கு அடித்தால், ‘போஸ்ட்ல கட்டாயிடுச்சு சார், பசங்க போயிருக்காங்க’ என்பார். அது பொய் இல்லை. மின்கம்பத்தில் கட்டிய ஒயர், மரம் வெட்டும்போது அறுகிறது. கரும்பு லாரி உரசி அறுகிறது. மின்வாரியத்தார் கம்பம் மாற்றும்போது அறுகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் போகும் சாலையும், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலையும் ஆண்டுக்கணக்கில் அகலப்படுத்தப்பட்டன. திண்டிவனத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருக்கள் தோண்டப்பட்டன. பொக்லைன் பல் ஒவ்வொரு தடவை மண்ணில் இறங்கும்போதும் சில நூறு வீடுகளில் சிவப்பு லைட். கண்ணாடி இழையை ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். செம்பு ஒயரைப் போல முறுக்கி டேப் சுற்ற முடியாது. அந்த மெஷினின் விலை சின்ன இயக்குபவருக்குப் பெரிய தொகை. நாலைந்து பேருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, வரிசையில் வருகிறார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை பெருகி அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. கரண்ட் இல்லை, டவர் இல்லை, வைஃபை இல்லை. அன்று பலருக்குப் பழைய தொலைபேசியின் ஞாபகம் வந்தது. அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே ஒயரில் வந்தது. ஊரே இருட்டில் இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் ஒளி மட்டும்தான் வரும். வீட்டுப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், தெருவுக்கு ஒளி அனுப்பும் நிலையத்துக்கும் கரண்ட் வேண்டும். புயல் அடிக்கடி வரும் இந்தக் கடற்கரை மாவட்டத்தில் அந்த நிலையத்தில் எத்தனை மணி நேரத்துக்கு பேட்டரி இருக்கிறது என்பது திட்டத்தின் விலையோடு சேர்த்து அறிவிக்கப்பட வேண்டிய தகவல். எந்த விளம்பரத்திலும் அது இல்லை.

அறுந்தால் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டா? உண்டு, எழுத்தில். 2006 விதிகளே பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகையையும், ஒரு வாரத்தைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகையையும், பதினைந்து நாளைத் தாண்டினால் ஒரு மாத வாடகையையும் கழிக்கச் சொன்னன. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய தர விதிகள் இந்தப் பிடியை இறுக்கின. தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009 தீர்ப்பைக் காட்டித் தட்டிக்கழித்து வந்ததை, உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா வழக்கில் முடித்துவைத்தது. வரலாம் என்று சொல்லிவிட்டது. விழுப்புரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

எழுத்துக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பல வீடுகளில் மாதப் பணம் கையில் கொடுத்து, நோட்டுப் புத்தகத்தில் டிக் அடிப்பதோடு முடிகிறது. அல்லது ஜிபேயில் ஒரு தனிநபரின் பெயருக்குப் போகிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் பில் வீட்டுக்கு வருவதில்லை. புகார் எண் கிடையாது. வாட்ஸ்அப்பில் ‘அண்ணா நெட் வரல’ என்ற செய்திதான் புகார். மூன்று நாளை எங்கிருந்து எண்ணுவது? அது மட்டும் இல்லை. டிராயின் தர அறிக்கைகள் தமிழ்நாடு முழுவதையும் ஒரே வட்டமாக வைத்துச் சராசரி சொல்கின்றன. சென்னை அடுக்குமாடியில் ஒரு மணி நேரத்தில் சரியான பழுதும், ஒலக்கூர்ப் பக்கம் பத்து நாள் கிடந்த பழுதும் அந்தச் சராசரியில் கலந்துபோகின்றன. எண்ணப்படாத துன்பத்துக்கு ஆணையம் எப்படி மருந்து கொடுக்கும்? தாலுகா வாரியாக எத்தனை பழுது, எத்தனை மணி நேரத்தில் சரி என்று வெளியிடச் செய்வதுதான் இந்த மாவட்டத்துக்கு எந்தப் புது விலைக் குறைப்பையும்விடப் பயன் தரும் என்று நம்புகிறேன்.

நகரத்தைத் தாண்டினால் கேள்வியே வேறாகிறது. ஊராட்சிகள்தோறும் ஃபைபர் என்ற திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பின் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டின் பங்கைச் செய்ய மாநில அரசு தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தை அமைத்தது. டெண்டர் நிபந்தனைகள் பற்றி அறப்போர் இயக்கம் எழுப்பிய புகாருக்குப் பின், 2020இல் மத்திய அரசு அந்த டெண்டரை ரத்து செய்து மறுபடி விடச் சொன்னது. அந்தச் சோதனை நடந்தது நல்லது. ஆனால் கொரோனாக் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் வகுப்புக்காக டவர் தேடி மொட்டை மாடிக்கும் ஏரிக்கரைக்கும் போன ஆண்டுகளில் அந்த ஃபைபர் தரைக்கு வரவில்லை. 12,525 ஊராட்சிகள், சுமார் 1,815 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஒயர் மின்கம்பங்களின் மேலேயே போகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 688 ஊராட்சிகள்.

ஊராட்சி அலுவலகச் சுவரில் பெட்டி மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. அங்கிருந்து காலனிக்கும் நடுத்தெருவுக்கும் கொண்டுபோக ஒருவர் வேண்டும், அவருக்கு அது கட்டுபடியாக வேண்டும். தெருவில் நாற்பது வீடு இருந்து ஆறு வீடு மட்டும் இணைப்பு வாங்கினால் எந்த இயக்குபவரும் ஓட மாட்டார். அரசு முதலீட்டை ஒயரில் மட்டும் போட்டு, அந்தக் கடைசி முந்நூறு மீட்டரைச் சந்தையிடம் விட்டால், நகரத்தை ஒட்டிய கோலியனூருக்கும் வளவனூருக்கும் வரும், மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிற்றூருக்கு வராது. இப்போது அந்த இடத்தை 5ஜி அலையில் வரும் ஏர்ஃபைபர் பெட்டிகள் பிடிக்கின்றன. ஒயர் அறுவதில்லை என்பது அதன் பலம். ஊரே செல்போனுக்குப் பயன்படுத்தும் அதே டவரைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பது அதன் எல்லை. ஒயர் வராத ஊருக்கு அது நல்ல வழிதான். ஒயர் வரவேண்டிய ஊருக்கு அதைக் காட்டி ஃபைபரை நிறுத்திவிடக் கூடாது.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்துப் பாடம் எடுக்கலாம், இரண்டு விதத்தில். கேரள அரசு தன் மின்வாரியத்தையும் கூட்டாளியாக்கி கேஃபோன் என்ற வலையமைப்பை 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. 20 எம்பிபிஎஸ் 299 ரூபாய். வறிய குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவசம் என்று அறிவிப்பு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு நூறு வீடு என்று 14,000 வீடுகளை எடுத்தார்கள். 20 லட்சத்துக்கும் 14 ஆயிரத்துக்கும் உள்ள தூரம், அரசு ஃபைபர் எவ்வளவு மெதுவாக வீடு சேர்கிறது என்பதைக் காட்டுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மற்றது. கேரளக் கேபிள் இயக்குபவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று கேரளா விஷன் என்ற நிறுவனத்தை வளர்த்தார்கள். கம்பி வழி பிராட்பேண்டில் நாட்டின் முதல் சில இடங்களுக்குள் அது வந்து நிற்கிறது. கம்பம் ஏறும் பையன்களின் முதலாளிகளே மொத்தக் கொள்முதல் செய்கிறார்கள். பில்லும் புகார் எண்ணும் ஒரே பெயரில் இருக்கின்றன. நம் கேபிள்காரர்கள் முப்பது ஆண்டாக யாராவது ஒருவரின் வலையமைப்புக்குக் கீழேயே இருந்தார்கள். முதலில் தனியார், பிறகு அரசு, இப்போது மறுபடி தனியார். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி இயக்குபவர்கள் சேர்ந்து சென்னை வரைக்குமான இணைப்பை மொத்தமாக வாங்கினால், ஊருக்கு இரண்டு ஸ்ப்ளைசிங் மெஷின் பொதுவில் வைத்தால், அந்த ஏழரை மணி நெரிசலில் பாதி தீரும் என்று நினைக்கிறேன். திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர்தான். கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் அது.

2024 பிப்ரவரி 17 அன்று வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் ஐடி பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இந்த வகையில் முதலாவது. அதற்குள் வேலைக்குப் போகும் பெண் சாயங்காலம் வீடு திரும்பி, மழை நாளில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேலாளரிடம் சொல்ல முடியுமா என்பது அவள் தெருக் கம்பத்தைப் பொறுத்தது. ஐடி பூங்காவின் பலன் சுற்றுவட்டார வீடுகளுக்கு எட்ட வேண்டுமென்றால், அந்தக் கட்டடத்துக்கு வந்த இரட்டைப் பாதை ஃபைபர் போல, ஒன்று அறுந்தால் மற்றொன்று என்ற ஏற்பாடு ஒவ்வொரு தாலுகா தலைநகருக்கும் வர வேண்டும். விழுப்புரத்துக்கு ரயில் ஓரமாக ஒன்று, நெடுஞ்சாலை ஓரமாக ஒன்று என்று இரண்டு பாதை இயல்பாகவே இருக்கின்றன. ஃபெஞ்சலில் இரண்டும் ஒரே நாளில் நீரில் கிடந்ததால், மூன்றாவது பாதையாகத் திருவண்ணாமலைப் பக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் வீட்டு இணைப்பு ஒன்பதாம் நாள்தான் வந்தது. வெள்ளத்தில் கம்பமே சாய்ந்திருந்தது; இரவு எட்டு மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இரண்டு பையன்கள் மழைத் தூறலில் இழை ஒட்டினார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? மாதக் கடைசியில் பணம் வாங்க வந்த பெரியவரிடம், ஒன்பது நாளைக் கழிக்க வேண்டுமே என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை சார் என்றார். பிறகு நோட்டைத் திறந்து, எங்கள் வீட்டுக்கு நேரே தேதியை அடித்து, ஒன்பது நாள் தள்ளி எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரருக்கும் அப்படியே எழுதுங்கள் என்றேன். எழுதினார்.